காத்திருந்த நேரத்துக்கு யார் கூலி தருவது?

(முதலிபாளையத்தில் கட்டட மேஸ்திரிகளும் பனியன் தொழில் செய்வோரும் மாணவர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



இன்று காலை சிட்கோ தொழிற்பேட்டைக்குள் ஒரு தெருவில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு பனியன் கம்பெனி. முன்பக்கம் பவர் டேபிளில் சட்டைக்குக் கை வைத்துத் தைத்துக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் ஓர் இளைஞர் ஸ்டாப்வாட்ச்சும் அட்டையுமாக நின்று, ஒவ்வொரு சட்டைக்கும் எத்தனை விநாடி ஆகிறது என்று குறித்துக்கொண்டிருந்தார். அதே கம்பெனியின் பின்பக்கம் புதிதாக ஒரு தளம் எழும்புகிறது. அங்கே ஏழு பேர் நிழல் பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். இரண்டு கொத்தனார், ஐந்து கையாள். கையாட்களில் மூன்று பேர் பெண்கள். மணி பதினொன்று. எட்டரைக்கே வந்துவிட்டார்களாம். கலவை மெஷின் கழுவியபடி நிற்கிறது. சிமென்ட் மூட்டைகள் தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கின்றன.

“ஏனுங்கம்மா, சும்மா உக்காந்துட்டீங்க?” என்று கேட்டேன்.

“ஜல்லி வந்தாத்தானுங்க வேலை. லாரிக்காரரு இப்ப வர்றேன், இப்ப வர்றேன்னு சொல்லிட்டே இருக்காருங்க” என்றார் ஓர் அம்மா. சட்டியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார். சும்மாட்டுத் துணியை மடிப்பதும் விரிப்பதும் மறுபடி மடிப்பதுமாக இருந்தார்.

ஒரே சுற்றுச்சுவருக்குள் முன்பக்கம் விநாடிக்குக் கணக்கு இருக்கிறது. பின்பக்கம் இரண்டரை மணி நேரத்துக்குக் கணக்கு இல்லை. நான் பேச வந்தது அந்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றித்தான்.

திருப்பூர்க்காரர்களுக்குக் கணக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. ஒரு டி-சர்ட்டுக்கு நூல் எத்தனை கிராம், நிட்டிங் கிலோவுக்கு என்ன கூலி, சாயம், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், அயர்னிங், பேக்கிங் என்று பிரித்துப் பைசா வரைக்கும் ரேட் போடுகிறோம். துணி எத்தனை சதவீதம் வீணாகிறது என்று கட்டிங் மாஸ்டரை நிறுத்தி வைத்துக் கேட்கிறோம். அதே முதலாளி கட்டடம் கட்டக் கிளம்பும்போது ஒரே கேள்விதான் கேட்கிறார்: “சதுர அடி என்ன ரேட்டுங்க?”

சதுர அடி ரேட் தப்பான கணக்கு இல்லை. அவசரத்துக்கு உதவும். சாதாரணக் கான்கிரீட் கட்டடத்துக்குச் சதுர அடிக்குக் கிட்டத்தட்ட 0.4 மூட்டை சிமென்ட், 4 கிலோவை ஒட்டிக் கம்பி என்று எந்த இன்ஜினியரும் வாய்க்கணக்காகச் சொல்லிவிடுவார். மொத்தச் செலவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு பொருளுக்கு, மிச்சம் கூலிக்கு என்பதும் பொதுவாக ஒத்துவரும். பொருள் கண்ணுக்குத் தெரிகிறது, அதனால் எண்ணிவிடுகிறோம். மூட்டையை எண்ணலாம், கம்பியை எடை போடலாம், எம்.சாண்டை யூனிட்டில் அளக்கலாம். கூலி மட்டும் ஒரே தொகையாகக் கட்டப்பட்டுவிடுகிறது. அந்தத் தொகைக்குள் வேலை செய்த நேரமும் இருக்கிறது, காத்திருந்த நேரமும் இருக்கிறது, கட்டிய சுவரை இடித்து மறுபடி கட்டிய நேரமும் இருக்கிறது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கும் பழக்கம் நம்மிடம் இல்லை.

ஒரு கொத்தனார் ஒரு நாளில் ஒரு கன மீட்டரை ஒட்டிச் செங்கல் கட்டுவார் என்று மதிப்பீட்டுப் பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. கல் கைக்கெட்டும் தூரத்தில் இருந்து, கலவை தயாராக இருந்து, சாரம் கட்டி முடித்திருந்தால்தான் அந்த எண் பலிக்கும். ஒன்று குறைந்தாலும் அன்றைக்கு அவர் கட்டியது அரைக் கன மீட்டர்தான் இருக்கும். கொத்தனார் சோம்பேறி என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். என்ன குறைந்தது என்று யாரும் எழுதி வைப்பதில்லை.

காலையில் பார்த்த ஏழு பேருக்கே வருவோம். கொத்தனாருக்கு நாள் கூலி 1,100 ரூபாய், கையாளுக்கு 700 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஏழு பேருக்கும் சேர்த்து ஒரு நாளைக்கு 5,700 ரூபாய். எட்டு மணி நேர வேலையில் இரண்டரை மணி நேரம் நின்றால் 1,780 ரூபாய் சொச்சம் போய்விட்டது. ஒரு வாரத்தில் இரண்டு நாள் இப்படி நின்றால் என்ன ஆகும் என்று நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள். இந்த ரூபாய் எந்தப் பில்லிலும் வராது. வராது என்பதால் யாரும் கொடுக்கவில்லை என்று ஆகிவிடாது. யாரோ ஒருவர் கொடுக்கிறார்.

யார் என்பது இங்கே உட்கார்ந்திருக்கும் மேஸ்திரிகளுக்குத் தெரியும். நம் பக்கத்தில் பெரும்பாலும் லேபர் கான்ட்ராக்ட்தான். பொருள் முதலாளி வாங்கிப் போடுவார். ஆளும் வேலையும் மேஸ்திரி பொறுப்பு. சதுர அடிக்கு இவ்வளவு என்று பேச்சு. ஜல்லி சொல்ல வேண்டியவர் முதலாளி. ஜல்லி வராத நாளின் கூலியைச் சுமப்பவர் மேஸ்திரி. மேஸ்திரி என்ன செய்வார்? சனிக்கிழமை பட்டுவாடாவில் “நேத்து அரை நாள்தானே வேலை நடந்துச்சு” என்று சித்தாளிடம் பிடிப்பார். அவரைக் குறை சொல்லவில்லை. அவருக்கும் வேறு வழியில்லை. ஆனால் காலை ஐந்து மணிக்குச் சோறாக்கி வைத்துவிட்டு, பஸ் ஏறி, எட்டரைக்கு வந்து உட்கார்ந்த அந்த அம்மாவுக்கு அது அரை நாள் இல்லை. அவருடைய நாள் முழுதாகத்தான் போயிருக்கிறது.

கூலியில் பிடித்தது போக மிச்சத்தை மேஸ்திரி வேகத்தில் எடுக்கப் பார்ப்பார். கட்டடத்துக்கு ஆபத்து வருவது இங்கேதான். இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும்.

இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஐ.எஸ். 456 என்ற விதித்தொகுப்பு கான்கிரீட்டுக்கு எத்தனை நாள் தண்ணீர் காட்ட வேண்டும், எத்தனை நாள் கழித்து முட்டு எடுக்கலாம் என்று எழுதி வைத்திருக்கிறது. சாதாரண போர்ட்லேண்ட் சிமென்ட் என்றால் குறைந்தது 7 நாள் தண்ணீர். சாம்பல் கலந்த சிமென்ட் என்றால் குறைந்தது 10 நாள்; வெயிலும் வறட்சியுமான இடத்திலும் 10 நாளுக்குக் குறையக் கூடாது. இன்று கடையில் வாங்கும் மூட்டைகளில் பெரும்பகுதி சாம்பல் கலந்த பி.பி.சி.தான். நம் ஊர் வெயிலையும் சொல்ல வேண்டியதில்லை. அப்படியானால் 10 நாள் என்பதுதான் நமக்கான கணக்கு. எத்தனை கட்டடத்தில் 10 நாள் தண்ணீர் காட்டுகிறோம்? தண்ணீர் டேங்கரில் வருகிறது, காசு. தண்ணீர் காட்ட ஓர் ஆள் வேண்டும், அதுவும் காசு. நின்ற நேரத்தில் போன பணத்தை இங்கே மிச்சம் பிடிக்கிறார்கள்.

முட்டுக் கணக்கும் இப்படித்தான். தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டர் வரையுள்ள தளத்துக்கு 7 நாள், அதற்கு மேல் 14 நாள். 6 மீட்டர் வரையுள்ள பீமுக்கு 14 நாள், அதற்கு மேல் 21 நாள் முட்டு நிற்க வேண்டும். பனியன் கம்பெனி ஷெட்டில் தையல் லைன் தடையில்லாமல் ஓட வேண்டும் என்று தூணுக்குத் தூண் அகலமாக விடுகிறோம். அகலம் கூடக் கூட முட்டு நிற்க வேண்டிய நாளும் கூடுகிறது. ஆனால் சென்ட்ரிங் ஷீட்டும் முட்டும் நாள் வாடகைக்கு வந்தவை. அடுத்த வேலைக்கு அவை போயாக வேண்டும். “பத்து நாள் ஆச்சுங்க, இறுகிருச்சு” என்று பிரித்துவிடுகிறார்கள். பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. தளம் லேசாகத் தொங்கும், பூச்சில் மறைந்துவிடும், சில வருஷம் கழித்து மழையில் கசியும். அப்போது அந்த இரண்டரை மணி நேரத்தை நினைத்துப் பார்க்க யார் இருக்கிறார்கள்?

பெரிய சேதத்தையும் தமிழ்நாடு பார்த்திருக்கிறது. 2014 ஜூன் 28, சனிக்கிழமை மாலை. சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் மழையில் சரிந்து விழுந்தது. 61 பேர் இறந்தார்கள். ஆந்திராவிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் நம் தென் மாவட்டங்களிலிருந்தும் வேலைக்கு வந்தவர்கள். வாரக் கூலி வாங்க வந்து, மழைக்கு ஒதுங்கி, அந்தக் கட்டடத்துக்குக் கீழே நின்றிருந்தவர்கள் அவர்களில் பலர். பக்கத்தில் நின்ற இரட்டைக் கட்டடத்தை 2016 நவம்பர் 2-ஆம் தேதி வெடிவைத்துத் தகர்த்தார்கள். அங்கே குற்றம் வடிவமைப்பில் இருந்தது. தண்ணீர் காட்டாததோடு அதை ஒப்பிட்டுக் குழப்ப மாட்டேன். ஒன்றை மட்டும் சொல்கிறேன். ஒரு கட்டடத்தில் எண்ணாமல் விட்டது எதுவானாலும், அதன் பாரம் கடைசியில் கீழே நிற்பவர் மேல்தான் இறங்குகிறது. சனிக்கிழமை மாலை கையில் கூலி வாங்கும் பழக்கமுள்ள இந்த ஊரில் அந்தச் செய்தியை என்னால் மறக்க முடியவில்லை.

இந்தக் காத்திருப்பைப் பற்றி உலகத்தில் ஆராய்ச்சி நடந்திருக்கிறதா என்றால், நிறையவே நடந்திருக்கிறது. அதில் பாதி நமக்கு ஏற்கெனவே தெரிந்த விஷயம்.

1957-இல் அமெரிக்காவில் டூபாண்ட் என்ற ரசாயனக் கம்பெனிக்காக ஒரு முறையை உருவாக்கினார்கள். எந்த வேலை முடிந்தால் எந்த வேலை தொடங்கலாம் என்று வரைந்து, எந்த வரிசையில் ஒரு நாள் பிந்தினாலும் மொத்தமும் பிந்தும் என்று கண்டுபிடிப்பது. கிரிட்டிக்கல் பாத் என்று படிக்கிற பிள்ளைகளுக்குத் தெரியும். பனியன் தொழிலில் இருப்பவர்களுக்கு இதன் இன்னொரு பெயர் தெரியும்: டைம் அண்ட் ஆக்ஷன் காலண்டர். நூல் வரும் தேதி தப்பினால் நிட்டிங் தப்பும், நிட்டிங் தப்பினால் டையிங் தப்பும், கடைசியில் கப்பலைத் தவறவிட்டு சொந்தச் செலவில் விமானத்தில் ஏற்ற வேண்டிவரும். அந்தப் பயம் மெர்ச்சன்டைசரை ராத்திரி தூங்கவிடாது. கட்டடத்தில் தவறவிடக் கப்பல் இல்லை. அதனால் பிந்துவதன் விலை நமக்கு உறைப்பதில்லை.

1992-இல் பின்லாந்துக்காரர் லௌரி கோஸ்கெலா, ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ஓர் அறிக்கை எழுதினார். கட்டடத் தொழில் வேலையை மட்டும் கணக்கிடுகிறது, வேலைக்கும் வேலைக்கும் நடுவில் பொருளும் ஆளும் காத்துக் கிடப்பதைக் கணக்கிடுவதில்லை என்பது அதன் சாரம். டொயோட்டா தொழிற்சாலையில் கற்றதைக் கட்டுமானத்துக்குக் கொண்டுவரச் சொன்னார். லீன் என்ற பெயரில் அதே பாடத்தைத்தான் நம் ஏற்றுமதிக் கம்பெனிகளும் ஆலோசகர் வைத்துப் படிக்கின்றன.

இன்னொருவர் க்ளென் பல்லார்டு. அவர் செய்தது எனக்கு மிகவும் பிடித்த ஆராய்ச்சி. கட்டடங்களில் வாரத் தொடக்கத்தில் ‘இந்த வாரம் இதெல்லாம் முடிப்போம்’ என்று எழுதியதையும் வாரக் கடைசியில் முடிந்ததையும் ஒட்டிப் பார்த்தார். நல்ல நிர்வாகம் என்று பெயரெடுத்த இடங்களிலும் எழுதியதில் பாதியை ஒட்டித்தான் முடிந்திருந்தது. ஏன் என்று தோண்டியபோது, தொழிலாளி சுணங்கியது பெரிய காரணமாக இல்லை. தயாராக இல்லாத வேலையைத் திட்டத்தில் எழுதியிருந்தார்கள் என்று தெரிந்தது. வரைபடம் வரவில்லை, பொருள் வரவில்லை, முந்தைய வேலை முடியவில்லை, யாரோ முடிவு சொல்லவில்லை. ஆகவே களத்தில் நாளை என்ன செய்வது என்று கடைசியாக முடிவெடுப்பவரைத் திட்டத்துக்குள் கூப்பிடுங்கள் என்றார். அவருடைய முறைக்கே ‘கடைசித் திட்டக்காரர்’ என்றுதான் பெயர். நம் ஊர் வழக்கில் அந்தக் கடைசித் திட்டக்காரர் மேஸ்திரி. அவரை எந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுகிறோம்?

சென்னை ஐ.ஐ.டி.யின் கட்டுமான மேலாண்மைப் பிரிவினர் பெரிய நிறுவனங்களோடு சேர்ந்து இந்த முறைகளை நம் நாட்டுக் களங்களில் செய்து பார்த்திருக்கிறார்கள். லீன் கட்டுமான ஆய்வாளர்களின் பன்னாட்டு மாநாடே 2018-இல் சென்னையில் நடந்தது. மெட்ரோ, மேம்பாலம், அடுக்குமாடி என்று பெரிய வேலைகள் வரை இந்த அறிவு வந்துவிட்டது. முதலிபாளையத்தில் 8,000 சதுர அடி ஷெட் போடுகிறவரிடம் வந்து சேரவில்லை. இந்த ஊர்க் கட்டடங்களில் பெரும்பாலானவை அந்த அளவுதான்.

செலவு மதிப்பீட்டைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். டென்மார்க்கைச் சேர்ந்த பென்ட் ஃபிளூவியர் 2002-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். 20 நாடுகளில் 258 போக்குவரத்துத் திட்டங்கள். பத்தில் ஒன்பதில் உண்மைச் செலவு மதிப்பீட்டைத் தாண்டியிருந்தது. ரயில் திட்டங்களில் சராசரியாக 45 சதவீதம், சாலைகளில் 20 சதவீதம். தெரியாமல் செய்த தவறென்றால் சில கூடுதலாகவும் சில குறைவாகவும் இருந்திருக்கும். கிட்டத்தட்ட எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. திட்டம் கையெழுத்தாக வேண்டும் என்பதற்காகத் தொகையைக் குறைத்துக் காட்டுகிறார்கள் என்று அவர் முடிவுக்கு வந்தார். நம் வீட்டு எஸ்டிமேட்டிலும் இது நடக்கிறது. பெரிய தொகை சொன்னால் வேலை கை நழுவிவிடும் என்று கான்ட்ராக்டர் குறைத்துச் சொல்வார். பெரிய தொகை கேட்டால் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்று நாமும் அந்தச் சின்னத் தொகையையே நம்பிக்கொள்வோம்.

நமக்கு வடக்கே அத்திக்கடவு-அவினாசித் திட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அறுபது ஆண்டுகளுக்கு மேல் இந்த மக்கள் கேட்டுக் கேட்டு வாங்கிய தண்ணீர் அது. 2019 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டியபோது 1,652 கோடி ரூபாய். 2024 ஆகஸ்ட் 17 அன்று திறந்தபோது 1,916 கோடியே 41 லட்சம். 16 சதவீதம் கூடியிருக்கிறது. உலகக் கணக்கோடு பார்த்தால் அது மோசமில்லை. கவனிக்க வேண்டியது எங்கே நாள் போனது என்பது. 1,065 கிலோமீட்டர் குழாய் பதித்து 1,045 குளம் குட்டைகளுக்குக் கொண்டுபோக வேண்டும். குழாய் போகும் வழி பலருடைய காட்டுக்குள் போகிறது. பட்டா நிலத்தில் குழி தோண்டுவதற்கு என்ன இழப்பீடு, யாருக்கு, எப்போது என்று பேசி முடிக்காமல் ஒரு மீட்டரும் நகராது. நடுவில் கொரோனா வேறு. மண் வெட்டும் எந்திரமும் குழாயும் ஆளும் தயாராக இருந்தாலும், பேசி முடிக்க வேண்டியதை முடிக்காவிட்டால் எல்லாம் காத்து நிற்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, நம் ஊரின் அனுபவம். 1995-இல் நியூ திருப்பூர் ஏரியா டெவலப்மென்ட் கார்ப்பரேஷன் அமைக்கப்பட்டது. பவானி ஆற்றிலிருந்து நாளொன்றுக்கு 18.5 கோடி லிட்டர் தண்ணீர். 1,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவு. அரசும் தனியாரும் சேர்ந்து இந்தியாவில் செய்த முதல் பெரிய குடிநீர்த் திட்டங்களில் ஒன்று. கட்டுமானத்தில் குறை சொல்ல முடியாது. தண்ணீர் வந்தது, இன்றும் வருகிறது. ஆனால் சாயப்பட்டறைகள் எவ்வளவு தண்ணீர் வாங்கும் என்று போட்ட கணக்கு நிற்கவில்லை. 2011 ஜனவரியில் உயர் நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. சாயக் கழிவால் நொய்யல் ஆற்றுக்கு நாம் செய்ததைப் பார்க்கும்போது அந்த உத்தரவு வந்தது நியாயம் என்றே நான் நினைக்கிறேன். பிறகு கழிவு நீரை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறை வந்ததும் புதுத் தண்ணீரின் தேவை குறைந்துபோனது. குழாயின் கணக்கு சரியாக இருந்தும், குழாய்க்கு மறுமுனையில் இருப்பவரின் கணக்கு தப்பினால் கடன் சுமை ஏறும். ஆர்டர் நன்றாக இருக்கும் வருஷத்தில் கடன் வாங்கி மாடி எழுப்பத் தொடங்கி, அமெரிக்க வரி ஏறிய 2025 ஆகஸ்டுக்குப் பிறகு பாதியில் நிறுத்தி வைத்தவர்கள் இந்த அரங்கில் இருப்பீர்கள். உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

இப்போது ஆட்களைப் பற்றி. “ஆளே கிடைக்கறதில்லைங்க” என்பதுதான் எல்லா இடத்திலும் கேட்கும் பேச்சு. 2020 ஊரடங்கின்போது பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்தவர்கள் கூட்டம் கூட்டமாக ஊர் திரும்பினார்கள். 2023 மார்ச்சில், வட மாநிலத்தவரைத் தாக்குவதாகப் பரவிய பொய் வீடியோக்களைப் பார்த்துப் பயந்து மறுபடி ரயிலடியில் குவிந்தார்கள். அவர்கள் இல்லாமல் இந்த ஊர் ஓடாது என்று இரண்டு முறையும் தெரிந்துகொண்டோம். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். திங்கள் வேலை, செவ்வாய் பாதி வேலை, புதன் ஜல்லி இல்லை என்றால் எந்த ஆள் நிற்பார்? வாரத்தில் ஆறு நாள் நிச்சயமாகக் கூலி கிடைக்கும் இடத்துக்கு அவர் போய்விடுவார். ஆள் பற்றாக்குறை என்று நாம் சொல்வதில் ஒரு பகுதி, இருக்கும் ஆளை உட்கார வைத்து வீணாக்குவதால் வந்தது.

சித்தாள் பெண்களைப் பற்றிப் பேசாமல் இந்தத் தலைப்பை முடிக்க எனக்கு மனம் வராது. பனியன் கம்பெனிக்குக் கைமடிக்கும் உதவியாளாக வரும் பெண், இரண்டு மூன்று வருஷத்தில் செக்கிங் போகலாம், மெஷினில் உட்காரலாம், டைலர் ஆகலாம். கூலியும் ஏறும். கட்டட வேலைக்குச் சித்தாளாக வரும் பெண் இருபது வருஷம் கழித்தும் சித்தாள்தான். அவருக்குப் பிறகு வந்த பையன் கரணை பிடித்துக் கொத்தனார் ஆகிவிடுவான். அவர் அவனுக்கும் கலவை தூக்கித் தருவார். ஒரு கட்டடத்தில் இதைச் சொன்னபோது, “அது ஆம்பளைங்க வேலைங்க” என்று அந்தப் பெண்ணே சொன்னார். கேரளத்தில் குடும்பஸ்ரீ சுயஉதவிக் குழுப் பெண்கள் கட்டுமானக் குழு அமைத்து அஸ்திவாரத்திலிருந்து கூரை வரை வீடுகளைத் தாங்களே கட்டியிருக்கிறார்கள். பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் அந்த ஊர்தான். நம் பக்கம் கொத்தனார் இல்லை, கொத்தனார் இல்லை என்று தேடுகிறோம். கலவையின் பதம் கையாலேயே தெரிந்த பெண்கள் நம் முன்னாலேயே சட்டி தூக்குகிறார்கள்.

என் அக்கா மகன் இந்தப் பக்கம் ஒரு ஷெட் கட்டினான். என் பேச்சைக் கேட்டு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கி மேஸ்திரியிடம் கொடுத்தான். மேஸ்திரியின் மகள் பிளஸ் டூ படிக்கிற பெண். சாயங்காலம் அப்பா சொல்லச் சொல்ல எழுதுவாள். தேதி, யார் யார் வந்தார்கள், எத்தனை மணிக்கு வேலை தொடங்கியது, எத்தனை மணி நேரம் நின்றது, எதனால் நின்றது. ஒரு நாளைக்கு இரண்டு வரி, அவ்வளவுதான். மூன்று வாரம் கழித்து ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து வாசித்தோம். லாரிக்காரர்தான் காரணமாக இருப்பார் என்று நினைத்திருந்தான். லாரியும் இருந்தது. ஆனால் அதிகம் திரும்பத் திரும்ப வந்த வரி, ‘ஓனர் சொல்லவில்லை’. கழிப்பறை எந்தப் பக்கம், பாய்லர் எங்கே, மெயின் போர்டு எந்தச் சுவரில். கழிப்பறைச் சுவரைக் கட்டி, இடித்து, மறுபடி கட்டியிருந்தார்கள். அவன் நோட்டை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசவில்லை.

அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை சாயங்காலம் டீக்கு மேஸ்திரியையும் கம்பி கட்டுகிறவரையும் எலக்ட்ரீசியனையும் சேர்த்து உட்கார வைத்தான். அடுத்த வாரம் என்ன வேலை, அதற்கு என்ன வேண்டும், யார் கொண்டுவருவது, யார் முடிவு சொல்வது. இருபது நிமிஷப் பேச்சு. பல்லார்டு சொன்னதும் இதுதான். இன்னொன்றும் செய்தான், அதைத்தான் உங்களிடம் கேட்டுக்கொள்ளவே வந்தேன். பொருள் வராததாலோ தான் முடிவு சொல்லாததாலோ வேலை நின்றால், நின்ற மணி நேரத்துக்கான கூலியைத் தான் தருவதாக மேஸ்திரியிடம் பேசி எழுதிக்கொண்டான்.

இது தர்மம் இல்லை. பெரிய கான்ட்ராக்ட்டுகளில் இந்த வழக்கம் ஏற்கெனவே இருக்கிறது. இடத்தை ஒப்படைக்கத் தாமதம், வரைபடம் தரத் தாமதம் என்றால் ஆளும் எந்திரமும் சும்மா நின்றதற்குப் பெரிய நிறுவனங்கள் கட்டடம் கேட்டவரிடம் தொகை கோருகின்றன. நடுவர் வரைக்கும் போய் வாங்குகின்றன. அந்த உரிமை மேல்மட்டத்தில் ஒப்பந்தத் தாளில் இருக்கிறது. வாய்ப்பேச்சில் வேலை எடுக்கும் மேஸ்திரிக்கு இல்லை, சித்தாளுக்கு இல்லவே இல்லை. ஒரு வெள்ளைத்தாளில் நான்கு வரி கூடுதலாக எழுதினால் போதும். காத்திருந்த நேரம் யாரால் வந்ததோ அவர் கணக்கில் ஏறட்டும். தன் கணக்கில் ஏறத் தொடங்கியதும் என் அக்கா மகன் ஜல்லியை முந்தின நாளே இறக்கி வைத்துவிட்டான்.

இத்தனை பேசிவிட்டு நலவாரியத்தைச் சொல்லாமல் விட முடியாது. 1982-இலேயே உடல் உழைப்புத் தொழிலாளர்களுக்குச் சட்டம் கொண்டுவந்து, 1994-இல் கட்டுமானத் தொழிலாளர் நலவாரியம் அமைத்தது தமிழ்நாடு. நாடு முழுமைக்குமான சட்டம் 1996-இல்தான் வந்தது. அந்தச் சட்டம் 2025 நவம்பரில் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகளுக்குள் போய்விட்டாலும் நல நிதி ஏற்பாடு தொடர்கிறது. வரைபட அனுமதி வாங்கும்போது கட்டடச் செலவில் 1 சதவீதம் அதற்காக நாம் கட்டுகிறோம். கட்டிய பணம், நம் கட்டடத்தில் சட்டி தூக்குகிறவரிடம் வாரிய அட்டை இருந்தால்தான் அவர் பிள்ளையின் படிப்புக்கும் அவருடைய விபத்துக்கும் வரும். இந்த வாரப் பட்டுவாடாவின்போது ஒவ்வொருவரிடமும் ‘அட்டை போட்டாச்சா?’ என்று கேளுங்கள். போடாதவரை இ-சேவை மையத்துக்கு அனுப்பி, அந்த அரை நாள் கூலியையும் கொடுங்கள்.

என் அக்கா மகனின் நோட்டில் கடைசிப் பக்கங்களில் ஒரு வரி இருக்கிறது: ‘கரண்ட் இல்லை. ஒரு மணி நேரம் நின்றது. கொத்தனார் சித்தாளுக்குப் பூச்சு சொல்லிக் கொடுத்தார்.’ அடுத்த வாரத்தில் இன்னும் இரண்டு இடத்தில் அதே போல. அந்த ஷெட்டின் பாத்ரூம் சுவரில் ஒன்று அந்தப் பெண் பூசியது. மட்டப்பலகை வைத்துப் பார்த்தேன். நேராக இருந்தது.

இன்று சாயங்காலம் இந்த அரங்குக்கு வரும் வழியில் காலையில் பார்த்த கட்டடத்தை மறுபடி பார்த்தேன். ஜல்லி இரண்டு மணிக்கு வந்ததாம். பீம் கான்கிரீட் போடத் தொடங்கினால் பாதியில் நிறுத்த முடியாது. ஆறு மணி ஆகியிருந்தது. மூங்கிலில் விளக்குக் கட்டியிருந்தார்கள். முன்பக்கம் தையல் லைன் ஷிஃப்ட் முடிந்து பெண்கள் டிபன் பையோடு வேன் ஏறிக்கொண்டிருந்தார்கள். பின்பக்கம் அந்த அம்மா தலையில் சட்டியோடு சாரப்பலகையில் ஏறிக்கொண்டிருந்தார்.